எதிர்க்கடை வாசலில் நின்றவர்

ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரருக்கு எதிலாவது குறை கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது. ஓவிய அருங்காட்சியகத்துக்குப் புது முத்திரை கொடுக்கப் போனவரிடம், "சும்மா உள்ள பாத்துட்டுப் போங்க சார்" என்றார் காவலாளி. மனைவியோடு நுழைந்தவர் முதல் அறையிலேயே எல்லாப் படங்களுக்கும் மார்க் போட்டுவிட்டார். ஒன்றும் தேறவில்லை.

மனைவி என்றேன், முன்பு அண்ணி. அண்ணன் போன படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து இவர்கள் கல்யாணம் நடந்தது. இருபத்தாறு வருடம் ஆகியும் அவர் அவளை 'நீங்க' என்பார், அவள் அவரை 'நீ' என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கடையில் எழுத்துக் கோர்ப்பது அவள், அச்சு எடுப்பது அவர். இடம் வலமாக மாறிக் கிடக்கும் எழுத்தை அவள் செய்தித்தாள் மாதிரி சரளமாக வாசிப்பாள்.

இரண்டாம் அறையில் அந்தப் படம் இருந்தது. செப்புத் தகட்டில் கீறி, மை பூசித் தாளில் எடுத்தது. காலை வெயிலில் ஒரு கடைத்தெரு. ஒரு கடை வாசலில் நின்றபடி ஓர் ஆள் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் பாருங்க, எதிர்க்கடை போர்டுல எழுத்தெல்லாம் திரும்பிக் கிடக்கு. பார்த்ததை அப்படியே தகட்டுல கீறியிருக்கான். அச்சுல எல்லாம் இடவலமா மாறும்னு தெரியல. இவனெல்லாம் ஒரு..."

திரும்பிக் கிடந்த எழுத்தை மறுபடி கூட்டிப் படித்தார். போர்டில் இருந்தது அவர் கடையின் பெயர். கடைக்குள்ளே ஒரு பெண், மடியில் கைக்குழந்தை.

எதிர்வாசலில் நின்ற ஆளை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். அண்ணனுடைய தாடை, அண்ணனுடைய தோள். தழும்பு மட்டும் வலது புருவத்தில். அண்ணனுக்கு இடது. தெருவே இடவலமாக மாறியிருக்கும்போது தழும்பு மட்டும் மாறாமலா இருக்கும்? ஓரத்தில் போட்டிருந்த வருடத்தைப் படித்தார். படகு கவிழ்ந்ததற்கு நாலு வருடம் பிந்தி.

அண்ணன் இல்லை என்ற ஒன்றை நம்பித்தான் இந்தக் குடும்பமே நிற்கிறது. இது அவளுக்குத் தெரியவே கூடாது.

"போலாங்க, நேரமாச்சு."

"இரு." அவள் படத்துக்கு இன்னும் கிட்டே போனாள். "அவர் மாதிரி இல்ல?"

"சாடைதான். தழும்பு வலப்பக்கம்ல இருக்கு, பாருங்க. இது வேற யாரோ." குரல் தேவைக்குமேல் ஓங்கிவிட்டது. காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் போர்டைப் படித்தாள். வருடத்தைப் படித்தாள். பிறகு அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு அவள் தோளைத் தொடக்கூடக் கை வரவில்லை.

"நம்ம பொண்ணுக்கு அப்ப என்ன வயசு?"

"எட்டு மாசம்" என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"குழந்தையையும் பாத்துட்டுத்தான் போயிருக்கார்" என்றாள்.