திரும்பி வருவாள் என்பதற்கு அத்தாட்சி

பெட்டி அக்காவுக்கு ஆபீஸ் என்றால் பயமே கிடையாது. ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் சப்பாத்தி தேய்க்கிற வேலை அவருக்கு. கணவர் மனுவேல் மழைக்காலத்தில் மரம் விழுந்து இறந்தபோது மகள் ஆன்சி சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு ரேஷன் கார்டோ, பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் சலுகையோ, நர்சிங் காலேஜில் ஆன்சிக்கு இடமோ, எது வேண்டுமானாலும் அக்காவுக்கு ஒரே வழிதான். எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வார். மேசைக்கு முன்னால் போய் நின்று, "எனக்குன்னு யாருமில்லீங்க, நீங்கதான் பாத்துப் பண்ணோணும்" என்பார். எப்பேர்ப்பட்ட ஆபீசரும் இளகிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரி என்கிற முறையில் நானும் துணைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துவிட்டு, "வா, டீ குடிக்கலாம்" என்பார்.

அதே வித்தைதான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

ஆன்சி இப்போது இங்கிலாந்தில் நர்ஸ். கூடலூர்க்காரர் ஷிஜோவைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். போன வருடம் தலைப்பிரசவம். ஷிஜோவுக்குத் தாய் இல்லை. அம்மாதான் வர வேண்டும் என்று ஆன்சி ஒற்றைக்காலில் நின்றாள். இங்கேயே வந்து பெற்றுக்கொள்ளட்டுமே என்று நாங்கள் கேட்டோம். அதற்கும் வழியில்லை. அங்கேயே நிரந்தரமாகத் தங்க அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். முடிவு வருவதற்குள் நாட்டை விட்டுக் கிளம்பினால், விண்ணப்பமே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்களாம். இத்தனை வருடம் பட்ட பாடு போய்விடும்.

சரி, அம்மா போகட்டும் என்று முடிவானது. குன்னூரில் விசா வேலை பார்க்கும் ரவிக்குமார் கேட்ட காகிதங்களையெல்லாம் அக்கா கொடுத்தார். அவர் கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். சாமியார் கடிதம். 'கணவரை இழந்த இவருக்கு மகளைத் தவிர இவ்வுலகில் வேறு எவருமில்லை.' கோயில் முத்திரை போட்ட கடிதம் நல்லதுதானே என்று ரவிக்குமாரும் அனுப்பிவிட்டார்.

விசா கிடைக்கவில்லை. வந்தால் திரும்பிப் போவார் என்று நம்பக் காரணமில்லை என்று பதில் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்தே போட்டிருப்பேன். மகள் வெளியே வந்தால் உள்ளே விட மாட்டார்கள். அம்மாவை உள்ளே விட்டால் வெளியே போக மாட்டாளாம். இது என்ன நியாயம்?

இரண்டாம் முறை நானும் குன்னூருக்குக் கூடப் போனேன்.

"அக்கா, யாருமில்லைன்னு சொன்னா அவங்ககிட்ட வேலைக்காகாதுங்க," என்றார் ரவிக்குமார். "இங்க உங்களுக்கு எல்லாம் இருக்குதுன்னு காட்டோணும். சொந்த வீடு, நெலம், ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"வாடகை ஊடுதானுங்க தம்பி."

"வேற புள்ளைங்க?"

"இல்லீங்க."

வாழ்நாள் முழுக்க இல்லை, இல்லை என்று சொல்லியே காரியம் சாதித்தவர், அன்று இருக்கிறது என்று சொல்ல ஒன்றும் கிடைக்காமல் திணறினார். பிறகு சட்டென்று முகம் மலர்ந்தது.

"இருக்குதுங்க! எங்க ஊட்டுக்காரரைப் பொதைச்சப்பவே பக்கத்துல எனக்கும் எடம் வாங்கி வெச்சிருக்கறனுங்க. கோயில்ல ரசீது குடுத்திருக்காங்க. அதை உட்டுப்போட்டு நான் எங்க போயிறப் போறேன்?"

எங்கள் பங்கில் அப்படி வாங்கி வைப்பது உண்டு. ரவிக்குமார் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். "அதுக்கெல்லாம் மதிப்பில்லீங்க அக்கா" என்று மெதுவாகச் சொன்னார். ஹாஸ்டலில் கொடுத்த லீவு கடிதத்தை மட்டும் வைத்து அனுப்பினார்.

அதுவும் நிற்கவில்லை; இரண்டாம் முறையும் விசா இல்லை என்றுதான் பதில் வந்தது. முதல் தடவை கொடுத்த சாமியார் கடிதத்தை அவர்கள் மறக்கவில்லை.

அக்டோபரில் ஆன்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வலியில் அவள் அம்மா அம்மா என்று கத்தினாள் என்று ஷிஜோ போனில் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கக் காயப்பொடி இடித்து, பழைய வேட்டியைக் கிழித்து மடித்து அக்கா கட்டி வைத்திருந்த பை அலமாரியிலேயே கிடந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

கல்லறைத் திருநாளன்று இருவரும் மனுவேலின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போனோம். புல்லைச் செதுக்கி, செவ்வந்தி வைத்து, காற்றுக்கு மறைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். அப்போது ஆன்சி வீடியோவில் கூப்பிட்டாள். அக்கா பக்கத்திலிருந்த வெறும் புல்தரையில் உட்கார்ந்து, மனுவேலின் கல்லுக்கு நேராகப் போனைத் திருப்பி, "பாருங்க, உங்க பேத்தி" என்றார்.

"அம்மா, நிரந்தரமா தங்கறதுக்கு அனுமதி வந்துருச்சும்மா," என்றாள் ஆன்சி. அவள் குரலில் சந்தோஷமே இல்லை. "ஆனா பாப்பாவுக்கு இன்னும் பாஸ்போர்ட் வரோணும். இவருக்கும் லீவு இல்லை. எப்ப வர முடியும்னு தெரியலைம்மா."

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் உட்கார்ந்திருந்தது தனக்கென்று வாங்கி வைத்த அந்த இடத்தில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மெதுவா வா கண்ணு," என்றார். "நான் எங்க போயிறப் போறேன்?"