கட்டிலுக்கு அடியில் ஒரு கண்ணாடி ஜாடி

புதுச்சேரியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருடம் ஆகிவிட்டது. எல்லையில் பெட்டியைத் திறந்து காட்டும் தொல்லையும் போய்விட்டது. இனியும் போகாமல் இருந்தால் பூகோள வாத்தியார் என்று சொல்லிக்கொள்வதே வெட்கம் என்று போன தை மாதம் கிளம்பினேன். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் லீவு சேர்த்து எழுதிக் கொடுத்தேன். திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அது ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

வேலூர் கண்டோன்மெண்டில் காலை ஆறரைக்கு ஏறினால் மத்தியானம் விழுப்புரம். அங்கே வண்டி மாற வேண்டும். பிறகு இருபத்து நான்கு மைல், ஒன்றரை மணி நேரம், ஜன்னல் ஓரம் கிடைத்தால் நேரம் போவதே தெரியாது. விழுப்புரத்தில் நான் நான்கு பஜ்ஜி சாப்பிட்டேன். மறுநாள் வயிறு வலித்தபோது முழுப் பழியையும் அந்தப் பஜ்ஜி மேல் போட்டுத் திட்டித் தீர்த்தேன். பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

முதல் நாள் சாயங்காலம் கடற்கரையில் நடந்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேரான தெருக்கள். எதில் நுழைந்தாலும் கடைசியில் கடல் தெரிகிறது. இரண்டாம் நாள் காலையில் பார்க்குக்குப் போக அரை ரூபாய் பேசி ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன். ரிக்‌ஷாக்காரர் ஏகாம்பரம் இரண்டு தெரு தாண்டியதும் வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், மூஞ்சே சரியில்ல. பார்க்குக்கு அப்பறம் போவலாம். மொதல்ல ஆஸ்பத்திரிக்கி வுடறேன்."

"வாயுத் தொல்லைப்பா. பார்க்குக்கே போ."

"வாயுன்னா இப்டி மடங்கிக்கினு ஒக்கார மாட்டீங்க சார்," என்று சொல்லிவிட்டு, என் பேச்சைக் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். அன்று அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அன்று மத்தியானமே எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. ஊர் உலகமெல்லாம் வைத்தியத்துக்கு வேலூர் வர, வேலூரிலிருந்து கிளம்பிப் போய்ப் புதுச்சேரியில் வயிற்றை அறுத்துக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கண் விழித்ததும் முதலில் பார்த்தது என் கட்டிலுக்கு அடியில் வைக்கக் கொண்டுவந்த ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை. அதில் என் பெயர் ஒட்டியிருந்தது. அறுத்த டாக்டர் அருளப்பன் பக்கத்தில் நின்றார். உள்ளூர்க்காரர், பிரான்சில் படித்துவிட்டு வந்தவர், நாற்பது வயதிருக்கும். வார்டில் இருந்த பழைய ஆட்கள் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி 'தொக்தர்' என்றே கூப்பிட்டார்கள். "சார், இனிமே நீங்க போற மூத்திரம் ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது. எல்லாம் இதுல சேரணும்," என்றார்.

எனக்கு வந்ததே கோபம். என்ன அசிங்கம் இது, நான் என்ன சோதனைக்கூடத்து எலியா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்குப் பாடம் நடத்தினார். நான் என் பையன்களுக்கு ஒரு நாளும் அவ்வளவு பொறுமையாக நடத்தியதில்லை.

அவர் சொன்னது இதுதான். கத்தி பட்டாலும் எலும்பு முறிந்தாலும் உடம்பு காயத்தோடு நிற்பதில்லை. தீ பிடித்த வீட்டில் கதவு ஜன்னலைப் பெயர்த்து எறிவது போலத் தன் சதையைத் தானே கரைக்கிறது. கரைந்த சதை உப்பாக மாறிச் சிறுநீரில் போகிறது. அதை அளந்தால் ஒருவன் எவ்வளவு இழக்கிறான் என்று தெரியும். சாப்பாட்டை எடை போட்டால் எவ்வளவு வருகிறது என்று தெரியும். இழப்பு நீண்டால் நோயை எதிர்க்கும் சக்தியும் குறைந்து புண் ஆறாது. தினமும் விரலில் குத்தி ஒரு துளி ரத்தமும் எடுத்தார். ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறதாம். சாயம் போட்டால் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். அறுத்த அன்றே அது காணாமல் போய்விடும், ஆள் தேறத் தொடங்கும்போது திரும்பி வரும். சாமான் அறை ஒன்றைக் காலி செய்து, தன் சொந்த மைக்ராஸ்கோப்பை அங்கே வைத்து இத்தனையையும் அந்த மனிதர் ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்தார். ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஒரு வேலை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. அன்றிலிருந்து ஜாடியை நானே காவல் காத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் வைத்திக்குப்பத்து மீனவர் தேசப்பன். கட்டுமரத்தைக் கரையேற்றும்போது மரம் உருண்டு தொடை எலும்பு முறிந்து சதையைக் கிழித்திருந்தது. ஆபரேஷன் ஆகி வாரக்கணக்கில் ஆகியும் புண்ணில் சீழ் நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் ஆறாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் போனால் கடல் போயிற்று. அவர் மனைவி அஞ்சலை இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து அவருக்கு விசிறிக்கொண்டிருப்பார். நடுவே எனக்கும் இரண்டு வீச்சு கிடைக்கும்.

டாக்டருக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. தேசப்பனுக்கு முட்டை, பால், மீன் எல்லாம் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். தட்டு துடைத்தது போலத் திரும்பி வருகிறது. ஆனாலும் மனிதர் இளைத்துக்கொண்டே போகிறார். சிவப்புப் புள்ளி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. "நான் நெனச்சது தப்பு போல இருக்கு சார். சாப்பாடு போட்டாலும் பிரயோஜனம் இல்லன்னுதான் எழுதணும்," என்று ஒரு நாள் என்னிடம் சோர்ந்துபோய்ச் சொன்னார்.

அன்று மத்தியானம் தூக்கம் வராமல் புரண்டு படுத்தவன், பார்த்துவிட்டேன். அஞ்சலை தட்டிலிருந்த மீனையும் முட்டையையும் ஒரு தூக்கில் போட்டு மூடினார். இன்னொரு தூக்கிலிருந்த கஞ்சித் தண்ணீரைப் புருஷனுக்குப் புகட்டினார். பிறகு தட்டைக் கழுவித் துடைத்து வைத்தார்.

எனக்கு வாயில் எதுவும் தங்காது. சாயங்காலம் டாக்டர் வந்ததும், "டாக்டர், அந்த மீன் அவர் வயித்துக்குப் போகவே இல்ல!" என்று வார்டே கேட்கப் போட்டு உடைத்தேன். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில் என் தையல் பிரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் கணக்கு பொய்யில்லை என்ற சந்தோஷம். மறு நிமிடம் தேசப்பனின் எலும்பும் தோலுமான மார்பைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

"கவுச்சி துன்னா புண்ணு சீழ் கோத்துக்குமே சாமி. நீங்க ஆசையா குடுக்கறீங்க, வேணான்னா மனசு நோவும்னுதான் சொல்லல," என்று அஞ்சலை அழுதார்.

"எனக்குத் துன்ன ஆசதான். அவ வுட மாட்டறா," என்றார் தேசப்பன் மெல்ல.

டாக்டர் தேசப்பனின் கட்டிலுக்கு அடியிலிருந்த ஜாடியைத் தூக்கி அஞ்சலையிடம் காட்டினார். "இதுல போறது வெறும் மூத்திரம் இல்லம்மா. இவரு ஒடம்புச் சதை. தெனமும் கரைஞ்சி போவுது."

அஞ்சலை அழுகையை நிறுத்திவிட்டுப் போர்வையை விலக்கினார். அடிபடாத காலைத் தொட்டுக் காட்டினார். "இதுவும் வத்திப் போச்சி சாமி. அடி அந்தக் கால்ல, இது ஏன் வத்துதுன்னு நெனச்சி நெனச்சி எனக்குத் தூக்கமே இல்ல. யாரு கண்ணு பட்டுச்சோன்னு இருந்தேன்."

"அதத்தாம்மா நானும் அளந்துகினு இருக்கேன். ஒரு எடத்துல அடி, ஒடம்பு முழுக்க நஷ்டம்."

அஞ்சலை அந்தக் காலைப் போர்வையால் மூடினார். பிறகு, "புள்ள பெத்தவளுக்கு ரத்தம் போயிருக்கும்னு சுறாப்புட்டு ஆக்கிப் போடுவோமே. அது மாதிரியா?" என்று கேட்டார்.

"அதே மாதிரிதான்."

"அப்ப நானே ஆக்கியாறேன். ஒங்க மீனுல உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல."

மறுநாளிலிருந்து சுறாப்புட்டு வந்தது. டாக்டர் அதை ஒரு சிரிப்பும் இல்லாமல் தராசில் வைத்து எடை போட்டார். எனக்கும் ஒரு கரண்டி விழுந்தது. அஞ்சலை என்னை மன்னித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். நான் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் டாக்டர் ஓட்டமாக வந்து அஞ்சலையைச் சாமான் அறைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்த அஞ்சலை புருஷன் காதருகே குனிந்து, "செவப்பா ரெண்டு பாத்தேன்யா. மொதல் ரெண்டு கரையேறிடுச்சி, மத்ததும் வரும்," என்றார். ஆனாலும் கால் தப்புமா என்று கேட்டதற்கு டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. ரயிலில் எனக்கு அதே நினைப்புத்தான்.

இனி, போகிறவர்களுக்கு. தை, மாசி நல்ல காலம். இரண்டு நாள் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நகரத்துக்குள் எங்கும் நடந்தே போகலாம். ரிக்‌ஷா ஏறினால் ரிக்‌ஷாக்காரர் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் ஆனால், பத்தியம் என்று பட்டினி போடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இதைப் பயணக் கட்டுரையில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

கடைசியாக, விடியற்காலையில் வைத்திக்குப்பம் கரைக்குப் போங்கள். கட்டுமரங்கள் திரும்பும் நேரம். மனசு கேட்காமல் சென்ற மாதம் நான் மறுபடி போனேன். மீன் கூறு போட்டிருந்த பெண்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "காட்டிக் குடுத்த சாரு வந்துட்டாரு!" என்று கத்தினார். அஞ்சலை. வலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்த ஆளை நோக்கி, "யோவ், எழுந்து நில்லுய்யா, சாரு பாக்கட்டும்," என்றார்.

தேசப்பன் பக்கத்தில் கிடந்த கோலை எடுக்கப் போனார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, இரண்டு காலையும் மணலில் ஊன்றி எழுந்து நின்றார்.