தங்கச்சியின் அமெரிக்க விசாவும் என் வயிற்றெரிச்சலும்: நைன் எல்ம்ஸில் ஒரு காலை

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் வழக்கமாக இங்கே எழுதுவேன். இந்தமுறை கடற்கரையும் இல்லை, கோட்டையும் இல்லை. செவன் கிங்ஸில் ரயில் ஏறி, நைன் எல்ம்ஸில் இறங்கி, அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே நான்கு மணித்தியாலம் காத்திருந்துவிட்டுத் திரும்பிய கதை. போக ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. அமெரிக்கக் குடிவரவு விசா நேர்முகத்துக்கு எப்படிப் போவது, என்ன கொண்டுபோவது என்று இரண்டு வாசகர்கள் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். தமிழில் யாரும் விபரமாக எழுதியதாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சென்ற பெப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை போனோம்.

நேர்முகம் எனக்கில்லை, என் தங்கை சுமதிக்கு. நான் பை தூக்கப் போனவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரையில் பயணத்தைவிடப் பொறாமைதான் கூட. நேரமும் செலவும் மட்டும் வேண்டியவர்கள் மற்றதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கலாம்.

எங்கள் அண்ணை நியூ ஜெர்சியில் இருக்கிறார். பதினேழு வருடங்களுக்கு முன் அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு, கையில் சின்னக் கொடியுடன் படம் எடுத்து அனுப்பினார். அடுத்த கிழமையே எங்கள் இரண்டு பேருக்கும் போன் செய்து, சகோதரங்களை அழைக்க இனித் தன்னால் விண்ணப்பிக்க முடியும் என்றும், பிறப்புச் சான்றிதழின் பிரதியை அனுப்பினால் போதும் என்றும் சொன்னார். சுமதி உடனே அனுப்பினாள். நானும் கணவரும் அப்போதுதான் மோர்டனில் வீடு வாங்கியிருந்தோம். பிரிட்டிஷ் கடவுச்சீட்டும் கையில் இருந்தது. "ஆர் இனி அந்த வரிசையிலை போய் நிக்கிறது?" என்று சொல்லிவிட்டேன். ஒரு உறை, ஒரு முத்திரை, அவ்வளவுதான் வேலை. அதைக்கூடச் செய்யவில்லை.

அந்தக் காலத்தில் குடும்பத்தில் எல்லோரும் பாவம் பார்த்தது சுமதியைத்தான். விவாகரத்தாகி, பிள்ளைகளும் இல்லாமல், செவன் கிங்ஸில் ஒரு அறை வீட்டில் இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்டனுக்கு வருவாள். நான் சமைத்து, மிச்சத்தை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவேன். கொடுக்கிற கை என்னுடையது, வாங்குகிற கை அவளுடையது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

நேர்முகத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் போன் செய்தாள்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லோணும். கோவிக்கக் கூடாது. எனக்கு அமெரிக்கன் எம்பசியிலை இன்ரவியூ வந்திருக்கு."

"எப்பயடி தெரியும்?"

"டிசம்பரிலை. விசா கையிலை வரும்வரைக்கும் ஆருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு இருந்தனான். கண் பட்டிடும் எண்டு."

"என்ரை கண்ணோ?"

"பொதுவாச் சொன்னனான்."

பொதுவாம். அண்ணைக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், மருந்துக்கடை முதலாளிக்கும் தெரியும். அந்தப் பொதுவில் மிஞ்சியது நான் ஒருத்திதான். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. என் கணவர், "நீதானே அப்ப வேண்டாம் எண்டனி" என்றார். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிந்தது.

முதல் நாள் மாலையே செவன் கிங்ஸுக்குப் போய்விட்டேன். கடவுச்சீட்டு, பொலிஸ் அறிக்கை, விவாகரத்துத் தீர்ப்பு, அண்ணை அனுப்பிய வருமானப் பத்திரங்கள் என்று எல்லாவற்றையும் சுமதி ஒரு நீலக் கோப்பில் அடுக்கியிருந்தாள். மருத்துவப் பரிசோதனை ஜனவரியிலேயே முடிந்திருந்தது. தூதரகம் குறித்த வைத்தியரிடம்தான் அதைச் செய்ய வேண்டும். அவளுக்கு முந்நூறு பவுணுக்கு மேல் போனது. விசா விண்ணப்பக் கட்டணம் முந்நூற்று இருபத்தைந்து டொலர். படுக்கப் போகும் முன் கோப்பைச் சாமித்தட்டில் வைத்து விளக்கேற்றினாள். எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம் இது. வீட்டுப் பத்திரமானாலும் பரீட்சை அனுமதி அட்டையானாலும் பிள்ளையாரின் காலடியில் ஒரு இரவு கிடந்துதான் வெளியே போகும். பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியை மட்டும் கோப்பிலிருந்து எடுத்து, விபூதி தொட்டு, படத்துக்கு நேர் கீழே தனியாக வைத்தாள். பதினேழு வருடக் காத்திருப்பும் தொடங்கியது அந்தத் தாளில்தானே.

காலை ஆறு நாற்பதுக்குச் செவன் கிங்ஸில் எலிசபெத் லைன் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கி நோர்தேர்ன் லைனுக்கு மாற வேண்டும். பட்டர்ஸி என்று பலகையில் வரும் ரயிலில் மட்டும் ஏறுங்கள். மோர்டன் ரயிலில் ஏறினால் என் வீட்டுக்குத்தான் வருவீர்கள். நைன் எல்ம்ஸில் இறங்கும்போது ஏழு முப்பத்தைந்து. கார்டில் நாலு பவுண் எண்பது வெட்டியது. அங்கிருந்து தூதரகத்துக்குப் பத்து நிமிட நடை. கண்ணாடிக் கட்டடம், பக்கத்தில் ஒரு குளம், சுற்றிவரப் புதுப்புது அடுக்குமாடிகள். இரண்டு பாகை குளிர். குளத்துக் காற்று முகத்தில் அறைந்தது.

நேர்முகம் எட்டரைக்கு. எட்டு மணிக்கு முன்னர் வரிசையில் விட மாட்டோம் என்று காவலர் சொன்னார். பக்கத்துக் கடையில் கோப்பி குடித்தோம், ஒன்று மூன்று பவுண் அறுபது. சுமதி குடிக்கவில்லை, கோப்பிக் குவளையின் சூட்டில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"இண்டைக்கு முடியாட்டி என்ன செய்யிறது அக்கா?" என்றாள். "வரிசை திரும்பப் பின்னாலை போகலாமாம். போன வருசமும் அப்பிடித்தான் நிண்டது." ஒரு வருடத்துக்கான விசா எண்ணிக்கை முடிந்துபோனால், எந்தத் திகதிவரை விண்ணப்பித்தவர்களுக்கு விசா என்பதைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள்.

"முடியும், பயப்பிடாதை" என்றேன். வாய்தான் சொன்னது.

விண்ணப்பதாரர் மட்டும்தான் உள்ளே போகலாம். பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை, வைத்துவிட்டுப் போக இடமும் இல்லை. கூட ஒருவர் போவது அதற்குத்தான். உள்ளே வெக்கையாக இருக்குமாம் என்று கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள். சாப்பாட்டுத் துணிப்பையையும் தந்தாள். "போயிட்டு வாறன்" என்று நீலக் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி போனாள்.

வாசல் தெரிகிற மாதிரி, எழுபது எண்பது அடி தள்ளி ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். அதே வாங்கில் தன் மனைவியின் கைப்பையை மடியில் வைத்தபடி ஒருவர் இருந்தார். மதுரைப் பக்கம், இங்கே வங்கி ஒன்றில் கணினி வேலை. தமிழ் என்று தெரிந்ததும் பேச்சுக் கொடுத்தார். சுமதியின் விபரத்தைக் கேட்டதும், "உங்க அக்கா அதிர்ஷ்டசாலிங்க. போய் எறங்குனதும் கிரீன் கார்டு, அஞ்சு வருஷத்துல சிட்டிசன். எங்களுக்கெல்லாம் அந்த வரிசை எப்ப நகருமோ" என்றார். அக்கா நான், அதிர்ஷ்டசாலி அவள் என்று திருத்தவில்லை.

பசித்தது. ஒன்பதேகாலுக்கு, சீனிச் சம்பல் வைத்த பாணை எடுக்கத் துணிப்பையைத் திறந்தேன். பாண் டப்பாவுக்கும் பிரசாதப் பொட்டலத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பிறப்புச் சான்றிதழ். காலையில் அவசரத்தில் சாமித்தட்டிலிருந்தவற்றைப் பிரசாதத்தோடு சேர்த்து இதற்குள் வைத்துவிட்டாள். கோப்பு உள்ளே போய்விட்டது, தாள் என் மடியில்.

உடனே வாசலுக்கு ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. ஒரு தாள் குறைந்தால் விசாவை ஒரேயடியாக மறுக்க மாட்டார்கள், பிறகு அனுப்பச் சொல்வார்கள் என்று அண்ணை சொல்லியிருந்தார். அந்தப் "பிறகு" என்ற சொல் எனக்கு இனித்தது. பிறகு என்றால் அடுத்த மாதம். அதற்குள் வரிசை பின்னால் போனால் அடுத்த வருடம். அதுவரை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்டனுக்கு வருவாள், டப்பாவோடு திரும்பிப் போவாள். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுத வேண்டும். தோன்றியது என்று எழுதித் தப்பிக்க விருப்பமில்லை.

ஒன்பது முப்பத்தெட்டுக்குச் சுமதி வாசலுக்கு வெளியே வந்தாள். பச்சை கார்டிகன் மட்டும்தான் போட்டிருந்தாள். இங்குமங்கும் பார்த்தாள், போனைக் காதில் வைத்தாள். என் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"ஏங்க, உங்க போன் அடிக்குது" என்றார் மதுரைக்காரர்.

"ஓம், தெரியும்."

"எடுக்கலையா? உள்ள போனவங்களா இருக்கப்போகுது."

போனைப் பார்த்தேன். அவள் பெயர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. மடியில் கவிழ்த்து வைத்தேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரியாத ஒருவர் முன்னால் எனக்கு இத்தனை வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை. மூன்றாவது தரம் அடித்தபோது எடுத்தேன்.

"அக்கா, பேர்த் சேர்ட்டிபிகேட் அந்தத் துணிப்பையுக்குள்ளை இருக்கோ ஒருக்காப் பாருங்கோ. ஒறிஜினல் வேணுமாம். உடனை கொண்டுவந்தால் பாக்கிறன் எண்டு உள்ளை இன்ரவியூ எடுக்கிற மனிசி சொன்னவ."

"இரு, பாக்கிறன்" என்றேன், அதைக் கையில் வைத்துக்கொண்டே. "ஓம், இருக்கு. வாறன்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். "பாத்ரூமுக்குப் போனனான், போன் பையுக்குள்ளை கிடந்தது" என்றேன். "பரவாயில்லை அக்கா" என்று வாங்கிக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது. கோட்டைப் போடச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு வந்தாள். கிடைத்துவிட்டது. விசாவை அங்கேயே குத்தித் தருவதில்லை. கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு கூரியரில் அனுப்புகிறார்கள். வலக்கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் வாங்கினார்களாம். அண்ணையைக் கடைசியாக எப்போது கண்டீர்கள், அங்கே எங்கே தங்குவீர்கள், என்ன வேலை செய்வீர்கள் என்று ஏழெட்டுக் கேள்விகள். தேம்ஸ் கரையில் உட்கார்ந்து சம்பல் பாணைச் சாப்பிட்டோம். அவள் இரண்டு பங்கு சாப்பிட்டாள். போய் ஐந்து வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் அரசியலும் வாய்மொழியாகக் கேட்பார்கள், அதன்பிறகு சத்தியப்பிரமாணம் என்று விரல் மடித்துச் சொன்னாள். எனக்கு இங்கே கவுன்சில் மண்டபத்தில், சங்கிலி போட்ட மேயருக்கு முன்னால் ராணிக்கு விசுவாசம் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது போதும் என்றுதான் இருந்தது.

"சிட்டிசன் ஆனவுடனை உங்களுக்கு நான் போடுறன் அக்கா" என்றாள். ஐந்து வருடம், அதற்கு மேல் ஒரு பதினேழு வருடம். எனக்கு இப்போது ஐம்பத்து நான்கு. கணக்குப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். அவள் உண்மையாகச் சிரித்தாள்.

நைன் எல்ம்ஸிலிருந்து கெனிங்டனுக்கு ஒரே ஒரு தரிப்பு. அங்கே நான் இறங்கி மோர்டன் ரயிலுக்கு மாற வேண்டும், அவள் அதே ரயிலில் தொடர வேண்டும். ரயில் வேகம் குறைந்தபோது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அக்கா, ரெண்டாந்தரம் அடிக்கேக்கை உங்களைக் கண்டனான். போனைப் பாத்திட்டு மடியிலை வைச்சியள்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் மறுக்கவும் வழியில்லை. கதவு திறக்கும் நேரம்.

"பிறகேன் திரும்ப அடிச்சனி?" என்றேன்.

"வேறை ஆருக்கு அடிக்கிறது?" என்றாள்.

இறங்கினேன். ரயில் போய்விட்டது. மோர்டன் ரயில்கள் இரண்டைத் தவறவிட்டு மூன்றாவதில் ஏறினேன். அவளுக்குப் பத்தாம் நாள் கடவுச்சீட்டு வந்தது, மே மாதம் போய்விட்டாள். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். அண்ணை வீட்டு மேசையில் அவள் இருக்கிற படம் வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சமைப்பதை அளவு குறைக்க இன்னும் பழகவில்லை.

போகப்போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்திப் போகாதீர்கள், வெளியே ஒதுங்க இடம் குறைவு. குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். மூலப் பிரதிகளைச் சாமிக்கு முன் வைப்பதானால் கோப்போடு வையுங்கள், தனித்தனியாக எடுக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் தூதரகக் கடிதத்தில் உள்ள பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அவற்றை நாள் முழுவதும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பையோடு காத்திருப்பவர் இரண்டு தரம் போனை எடுக்காவிட்டால், மூன்றாவது தரமும் அடியுங்கள்.