இருபதாம் நாள் மழை

தனசேகர் போய்விட்ட செய்தி எனக்கு ஏரிக்கரையில், பலகையடியில்தான் வந்தது. காலை ஐந்தரை மணி. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, இன்று அவர் தாமதமாக வருகிறாரா என்று நின்றுகொண்டிருந்தேன். தயாளனின் ஆட்டோ வந்து நின்றது. "சார், அண்ணன் பூட்டாரு. எழுந்து உக்காந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றான். "இன்னைக்கு நாலாம் நாளாச்சே" என்பதுதான் என் வாயில் முதலில் வந்தது. அது என்ன கணக்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏரிக்கரையில் அவரோடு நடந்த உங்களுக்கு நான் செய்தது தெரியும், ஏன் செய்தேன் என்பது தெரியாது.

பெருங்களத்தூரில் அவர் அப்பா உழுத நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அதில் ஒன்றில்தான் நான் குடியிருக்கிறேன். தனசேகர் ஜி.எஸ்.டி. சாலையில் சிமெண்ட், கம்பி வியாபாரம் செய்தார். சர்க்கரை வந்தால் மற்றவர்கள் மாத்திரை வாங்குவார்கள். இந்த மனிதர் கூடவே ஒரு கரும்பலகையும் வாங்கி, ஏரிக்கரை வேப்பமரத்தில் மாட்டி, காலையில் நடக்க வருகிறவர்களின் பெயரை எழுதினார். பெயருக்குப் பக்கத்தில் அன்றைக்குள் செய்து முடிக்க ஒரு காரியம். மறுநாள் எல்லோர் முன்னாலும் செய்தேன், செய்யவில்லை என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் நான், "இன்னைக்குக் கோபப்பட மாட்டேன்" என்றேன். "அத்த எப்டி சார் பாக்கறது? கண்ணுக்குத் தெரியற மாரி ஒண்ணு சொல்லு" என்றார். யோசித்து, கீழ்க்கட்டளையில் இருக்கும் தம்பிக்கு போன் செய்கிறேன் என்றேன். ஆறு வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் பத்து பேர் முன்னால் தலைகுனிய நேருமே என்ற பயத்தில் அன்று மாலை போன் செய்தேன். இன்று என் தம்பி என் வீட்டில் கை நனைக்கிறான் என்றால் அது தனசேகரால். சிகரெட்டை நான் விட்டதும் அவரால்தான்.

ஆனால் அவருடைய சட்டங்களும் உங்களுக்கு நினைவிருக்கும். சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராவிட்டால் பெயர் அழிக்கப்படும், காரணம் சொல்லக் கூடாது. மறுபடி பெயர் ஏற வேண்டுமானால் இருபத்தொரு நாள், ஒரு நாள்கூட விடாமல், எல்லோருக்கும் பின்னால் நடக்க வேண்டும். "யாரும் பாக்காத நாளு நடக்காத நாளு" என்பார்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த நான்கு நாளும் தனசேகரின் மனைவி சரோஜா அக்கா கேரியரில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். ஐந்தாம் நாள் பலகையில் என் பெயர் இல்லை. "வூட்டம்மா படுத்துகினு கீறாங்க, செரி. அஞ்சரை மணிக்கு உனக்கு அங்க இன்னா சார் வேல? நர்ஸ் இல்லையா?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். இருபத்தொரு நாள் பின்னால் நடந்தேன். ஒரு நாளும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி நாள் என் பெயரை எழுதி, சாக்பீஸை என் கையிலேயே கொடுத்து, "இனிமே பலகைய நீ பாத்துக்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

அடுத்த வருடம், கடையில் கம்பி எடை போட்டுக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. நாலாம் நாள் காலை அவர் பெயரை நான்தான் அழித்தேன். கை நடுங்கியது என்று எழுதலாம், பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்க்கப் போனபோது கோணிய வாயால், "அழிச்சியா?" என்றார். "அழிச்சேன்" என்றேன். "கரெக்ட்" என்றார்.

ஏழு மாதம் கழித்து, சரோஜா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு கோலூன்றி வந்தார். நம் பின்னால், பலகையிலிருந்து மதகு வரை, காலை இழுத்து இழுத்து. பத்தாம் நாளே தயாளன், "எழுதிடு சார், மன்சன் ரொம்ப கஷ்டப்படுறாரு" என்றான். "இருபத்தொண்ணு" என்றேன். தனசேகரும் தலையாட்டினார்.

இருபதாம் நாள் கொட்டும் மழை. நம்மில் ஒருவரும் போகவில்லை. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். அவர் போயிருக்கிறார். சரோஜா அக்கா குடை பிடிக்க, மதகு வரை நடந்து திரும்பியிருக்கிறார்.

மறுநாள் காலை முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். "சார், இன்னியோட இருபத்தொண்ணு" என்றார். நான், "நேத்து யார் பார்த்தது?" என்று கேட்டேன்.

"நான் பாத்தேனே சார்" என்றார் சரோஜா அக்கா.

"பலகையில பேர் இருக்கறவங்க பாக்கணும்கா. அவர் வச்ச சட்டம்தான். இன்னையிலேர்ந்து ஒண்ணு."

தயாளன் கெட்ட வார்த்தையில் என்னைத் திட்டினான். தனசேகர் அவனைக் கையமர்த்தினார். கோலை ஊன்றி, எல்லோருக்கும் பின்னால் போய் நின்றார். அன்று ஒன்று. அடுத்த நாள் இரண்டு. மூன்றாம் நாள் மதகடியில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், ஆனால் திரும்பவில்லை.

அவரை எடுத்த அன்று வீட்டு வாசலில், அண்ணன் பெயரைப் பலகையில் எல்லோருக்கும் மேலே எழுதிவிடலாம் என்று தயாளன் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை எடுத்து நீட்டினேன். சரோஜா அக்கா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"வாணாம். இன்னும் இருபத்தொண்ணு ஆவல. சாரையே கேளுங்க" என்றார்.

அதனால் அவர் பெயர் பலகையில் இல்லை. நீங்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டீர்கள், உங்கள் பெயர்களையும் சட்டப்படி அழித்துவிட்டேன். மழை நாட்களிலும் ஐந்தரைக்குப் போய், மதகு வரை நடந்து திரும்புகிறேன். சரோஜா அக்கா பால் வாங்க அந்த வழியாகத்தான் போகிறார். என்னைக் கண்டால் குடையைத் தாழ்த்திக்கொள்கிறார். தனசேகரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நடைதான். பார்க்க ஆள் இல்லாததால், அவர் கணக்கில் நான் இன்னும் ஒரு நாள்கூட நடக்கவில்லை.