பெரியப்பா கேட்ட சுருட்டு

அண்ணே, எஞ் செல்ல அண்ணே, ஒன்னத்தான் கூப்புடுறேன். நீ போயி ஒரு வருசம் ஆகப்போவுது. ஒன்னப் பத்தி எழுத ஒக்காந்தா அழுக வரணும், எனக்கு சிரிப்புதான் வருது. என்னா பண்ணச் சொல்ற? ஒன்னோட இருந்த நாளு பூரா நான் சிரிச்சுக்கிட்டுதான இருந்தேன்.

நான் மூணாம் வகுப்போட நின்னவ. எழுத்து கோணலா இருந்தா படிக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க.

எங்கண்ணன் லிந்துலப் பக்கத்துத் தேயிலத் தோட்டத்து லயத்துலேருந்து, வரிசையாக் கட்டுன ஒத்த ரூம்பு வீட்டுலேருந்து, கடல் தாண்டி மெட்ராசுக்குப் போயி மனசப் பத்திப் படிச்சுச்சு. அதுல பெரிய பரீச்சையும் பாஸ் பண்ணிருச்சு. அதுக்கும் மேல டாக்டர் பட்டம்னு ஒண்ணு இருக்காம். மனசு கலங்கிப் போனவங்களோட ஆஸ்பத்திரியில கூடவே இருந்து, அவங்க பேசுறதக் கேட்டு, ஆராய்ஞ்சு எழுதணுமாம். அதுக்கு எழுதிப் போட்டுட்டு லீவுல வீட்டுக்கு வந்துச்சு. வந்தத அப்பா புடிச்சு வச்சுக்கிட்டாரு.

அப்பா சில்லறக் கங்காணி, கொஞ்சம் ஆளுங்கள வச்சு மலையில வேல வாங்குறவரு. படிச்ச மகனப் பெருமையா பெரிய தொரைக்கு முன்னால கொண்டுபோயி நிறுத்துனாரு. என்னா படிச்சன்னு தொரை கேட்டதுக்கு மனசுன்னு அண்ணன் சொல்லுச்சு. தேயிலச் செடிக்கு மனசு கெடையாதேன்னு தொரை சிரிச்சிருக்காரு. பக்கத்துல நின்ன கணக்கப்புள்ளயும் சேந்து சிரிச்சிருக்காரு. தொரை சிரிச்சத அப்பா பொறுத்துக்கிட்டாரு. கணக்கப்புள்ள சிரிச்சதத்தான் அவரால செமிக்க முடியல. மகன் யாவாரப் படிப்புப் படிச்சுப் பட்டம் வாங்கி, ஆபீசுல பெரிய கிளாக்கரா ஒக்காரணும், அதே கணக்கப்புள்ள வந்து சலாம் போடணும். அன்னைக்கே முடிவாயிருச்சு.

சீமையிலேருந்து தபால்ல பாடம் வரும். கம்பளியப் போத்திக்கிட்டு அடுப்படியில ஒக்காந்து அண்ணன் படிக்கும். எனக்கு சொல்லிச் சொல்லிப் படிக்கும். சாமான் விக்கிறது எப்பிடி, விளம்பரம் எழுதுறது எப்பிடின்னு ஆரம்பிச்சு, கொஞ்ச நேரத்துல, மனுசன் ஏன் ஒண்ண ஆசப்படுறான்னு மனசுக்குள்ள போயிரும். யாவாரத்துலேருந்து அது எப்ப தாண்டுச்சுன்னு எனக்கே தெரிஞ்சுரும், ஏன்னா அப்பதான் கை ரெண்டும் ஆட ஆரம்பிக்கும். ஒருநாள் கை ஆடி தேயிலச் சாயத்தண்ணிக் கோப்ப விழுந்து அடுப்பு அணைஞ்சு போச்சு. அம்மா தொடப்பத்த எடுத்துக்கிட்டு, ரெண்டு படிப்பையும் வெளியில கொண்டுபோடுன்னு வெரட்டுனாங்க.

டவுன்ல கட வச்சிருந்த முஸ்லிம் நானாவுக்கு அண்ணன்னா உசிரு. சம்பளத்தன்னைக்கு எங்க சனம் கடைக்கு வந்தா மொதல்ல கண்ணு எங்க போவுதுன்னு அண்ணன் ஓரமா நின்னு குறிச்சுச்சு. அப்பறம் சோப்பு அடுக்க மாத்தி வைக்கச் சொல்லுச்சு. அந்த வாரமே சோப்பு தீந்துபோச்சு. நானா எங்க அப்பாவப் பாத்து, ஒங்க மகன எனக்குத் தந்துருங்க கங்காணின்னு கேட்டாரு. அப்பா ஒரு வாரம் நெஞ்ச நிமித்திக்கிட்டுப் பெரட்டுக்குப் போனாரு. விடியக்காலம ஆள் எண்ணுற எடத்துல போயி சோப்புக் கதையச் சொன்ன ஒரே கங்காணி எங்கப்பாதான்.

யாவாரப் படிப்புல மொதப் பாதி பரீச்சைய கொழும்புல போயி எழுதி பாஸும் பண்ணிருச்சு. அப்பத்தான் மெட்ராசுலேருந்து கடுதாசி வந்துச்சு. டாக்டர் படிப்புக்கு எடம் குடுத்துட்டாங்க, ஆனி மாசத்துக்குள்ள வந்து சேரணும், இல்லாட்டி வேற ஆளுக்குப் போயிரும்.

அப்பா முடியாதுன்னுட்டாரு. மீதிப் பாதியையும் முடி, கிளாக்கராவு, பொறவு பாப்போம்னாரு. அண்ணன் கடுதாசிய மடிச்சு யாவாரப் புஸ்தகத்துக்குள்ள வச்சுட்டுப் படிச்சுச்சு. அதுக்குப் பொறவு கை ஆடவே இல்ல. பத்து நாளா ஒரு கோப்ப கூட விழல. அதத்தான் என்னால தாங்க முடியல.

அதுக்கு முந்தி ஒரு நாளு, மேல் லயத்து அக்கா ஒண்ணுக்குப் பேய் புடிச்சு, பேயோட்டுற கோடாங்கி வந்து ஒடுக்கு அடிச்சதப் பாக்க அண்ணன் என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்துச்சு. கொப்பி முழுக்க எழுதுச்சு. வரும்போது சொல்லுச்சு, வாய் தொறந்து கேக்க முடியாதத ஒடம்பு ஆடிக் கேக்குது புள்ள, அவ்வளவுதான். எங்க பக்கத்து வழக்கம் அது. செத்தவங்க ஒருத்தர் ஒடம்புல எறங்கி ஒண்ணக் கேட்டா, வீட்டு ஆளு சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுக்கணும். குடுத்த சத்தியத்த மாத்தக் கூடாது, மாத்துனா குடும்பத்துக்கே ஆகாது.

அந்தப் பேச்சு எம் மண்டைக்குள்ள ஒக்காந்துக்கிச்சு.

அந்தப் பத்து நாளு கழிஞ்சு மலையில கொழுந்து எடுக்கயில கூடையப் போட்டுட்டு அப்பிடியே நின்னேன். கூப்புட்டா பேசல. வீட்டுல சோறு திங்கல. ரெண்டு நாளு திங்கலன்னு ஊரே சொல்லுச்சு. எங்க லயத்து மூணாம் நம்பர் காம்புராக்காரி ஒருத்தி என் சினேகிதி, அவ ரொட்டியும் மொளகா இடிச்ச கட்டச் சம்பலும் இடுப்புல சொருகிக்கிட்டு வந்து தேயிலைக்குள்ள குடுத்தா. சம்பல் ஒறப்புல கண்ணு செவந்து தண்ணி ஊத்துச்சு. அதப் பாத்துட்டு அம்மா, அய்யோ எம் மகளுக்குக் கண்ணு செவந்துருச்சேன்னு கோடாங்கியத் தேடி ஓடுனாங்க.

ஞாயித்துக்கெழம மத்தியானம் கோடாங்கி வந்தாரு. லயத்து வாசல்ல கூட்டம். அண்ணன் கொப்பியோட முன்னால ஒக்காந்திருச்சு. இந்தக் குளுருல வேப்பில ஏது, தைல மரத்துக் கொழைய ஒடிச்சுத்தான் எம் முதுகுல அடிச்சாரு. சளித் தடிமன் மருந்து வாசன மூக்குல ஏறி எனக்குத் தும்மலு தும்மலா வருது. தும்முற பேய எங்க கண்டிருக்கோம்? அடக்கிக்கிட்டு ஆடுனேன். அடக்குனதுல ஒடம்பு கெடுகெடுன்னு ஆடி, நான் நெனச்சதவிட நல்லாவே வந்துச்சு.

கோடாங்கி யாருன்னு கேட்டாரு. நான் தொண்டையத் தடிப்பாக்கி, இவனோட அண்ணன்டான்னு அப்பாவக் காட்டுனேன். நான் பொறக்கு முன்னாலயே செத்துப்போன பெரியப்பா. கடலுக்கு அக்கரையிலேருந்து அப்பாவக் கையப் புடிச்சு இங்க கூட்டியாந்தவரு. அப்பா அப்பிடியே மண்ணுல ஒக்காந்துட்டாரு.

என்னா வேணும்னு கேட்டாரு கோடாங்கி. படிக்க அனுப்புன்னு சொல்லத்தான் ஒரு வாரமா பழகி வச்சிருந்தேன். வாயத் தொறந்தா வந்தது வேற.

"சுருட்டு."

யாரோ பத்த வச்ச சுருட்டயே வாயில குடுத்துட்டாங்க. இழுக்காம இருக்க முடியுமா? ஒரே ஒரு இழுப்பு. கொடல் வெளிய வந்துரும்போல இருமுனேன். சரி, மாட்டிக்கிட்டோம்னு நெனக்கிறேன், அப்பா தேம்பித் தேம்பி அழுவுறாரு. எங்கண்ணன் இப்பிடித்தான் இருமுவாரு, இதே இருமலுதான்னு கூட்டத்துக்குச் சொல்லிச் சொல்லி அழுவுறாரு.

இருமி முடிச்சு அண்ணனுக்கு நேரா வெரல நீட்டுனேன். அந்தப் பயல அவன் படிப்புக்கு அனுப்புடா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்னேன். அண்ணன் பென்சிலக் கடிச்சுக்கிட்டு என்னையே பாக்குது. ஒதட்டு ஓரம் துடிக்குது. அது சிரிப்புன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். கொப்பிய மூடிட்டு, ரொம்ப மரியாதையா ஒண்ணு கேட்டுச்சு.

"பெரியப்பா, யாவாரப் படிப்பு பாதியில நிக்கிதே, அத என்னா செய்யிறது?"

"சோப்பு வித்துட்டல்ல, போதும்டா."

கூட்டமே பேயாட்டத்த மறந்து சிரிச்சிருச்சு. அப்பா மட்டும் சிரிக்கல. எந்திரிச்சு வந்து சூடத்துல அடிச்சாரு.

தலவாக்கல டேசன்ல அண்ணனத் தலமன்னாருக்குப் போக ரயிலேத்துனோம். அங்கேருந்து கப்பலேறி அக்கரைக்குப் போவணும். ஜன்னல் வழியா அண்ணன் என் காதுகிட்ட குனிஞ்சு, பெரியப்பாவ சுருட்டக் கொறச்சுக்கச் சொல்லுன்னுச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்பறம் மொகம் மாறி, நெசமாத்தான் கேக்குறேன் புள்ள, படிப்பக் கேட்டது நீ, சுருட்டக் கேட்டது யாருன்னு கேட்டுச்சு. தெரியலண்ணேன்னேன். ரயிலு போயிருச்சு.

கடுதாசி வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரியில பேசாமக் கெடந்த ஒரு அம்மா, அண்ணன் நானா கடைக் கதைய சொன்னதும் என்னா வெல சோப்புன்னு கேட்டுச்சாம். அப்பாகிட்ட சொல்லு, யாவாரப் படிப்பு வீண் போவலன்னு எழுதியிருந்துச்சு. கடுதாசியப் படிக்கிறப்ப அண்ணன் கை ரெண்டும் ஆடுறது எனக்குத் தெரிஞ்சுச்சு.

ரெண்டாம் வருசம் அண்ணனுக்கு மஞ்சக்காமால. செத்துப்போச்சுன்னு தந்திதான் வந்துச்சு. மொகங்கூடப் பாக்கல.

அப்பா ஞாயித்துக்கெழம ஆனா மேட்டுக்கு ஏறி, பெரியப்பாவப் பொதச்ச எடத்துல ஒரு சுருட்டப் பத்தவச்சுக் குத்தி வைக்கிறாரு. போன மாசம் நான் பின்னால நின்னது அவருக்குத் தெரியாது. அண்ணே, நீங்க கேட்டீங்கன்னுதானண்ணே அனுப்புனேன்னு மண்ணுகிட்டக் கேட்டாரு.

அதுக்குத்தான் இத எழுதுறேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. யாராச்சும் படிச்சுக் காட்டுங்க, இந்த எடத்துல கொஞ்சம் மெதுவாப் படிங்க. அப்பா, பெரியப்பா மேல கோவப்படாதீங்க. கேட்டது நாந்தான். அண்ணன் கை மறுக்கா ஆடணும்னு கேட்டேன். சுருட்டுக்கு மட்டும் என்னால சத்தியம் பண்ண முடியாது.

கோயிலுக்குப் போறவங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க, நானா, நீங்க பள்ளிவாசல்ல, எல்லாரும் எங்கண்ணனுக்காக ஒரு தரம் வேண்டிக்குங்க. அது போன எடத்துல பேச்சுத் தொணைக்கு ஆள் இருக்கணும்னு வேண்டிக்குங்க.