டாக்டரம்மா தூக்கிக் காட்டிய காலி ஊசி

மாட்டு டாக்டர் ஜெசிந்தாம்மா போய்விட்டார்களாம்... காலையில் பால் சொசைட்டியில் சொன்னார்கள்.

நான் நம்பவில்லை. பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்கே போனேன். வாசலெல்லாம் செருப்பு. உண்மைதான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது. சொன்னதைத்தான் எழுதுகிறதா என்று பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா, இன்னும் ஈனாத கிடாரிக்கு மடி எப்படி வளர்கிறது என்று ரிசர்ச் பண்ணியவர்கள். மில்லர்புரத்தில் என் தொழுவத்துக்கு ரத்தம் எடுக்க வருவார்கள். எடுக்க வருகிறார்களா, எதையாவது ஏற்ற வருகிறார்களா... யார் கண்டது? பால் சுரக்க ஊசி போடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

"ஊசியக் காட்டுங்க" என்பேன்.

வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, காலி. வேணும்னா மோந்தும் பாருங்க."

சிவப்பி என்று ஒரு கிடாரி. மடி பெருக்கட்டும் என்று கன்றிலிருந்தே பருத்திக்கொட்டையும் புண்ணாக்குமாகப் போட்டேன். சினைக்கு முன்பே மடி புடைத்து நின்றது. அதை நம்பி, கறந்துகொண்டிருந்த பழைய பசுவை விற்றுவிட்டேன்.

டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தார்கள். "இது பூராவும் கொழுப்பு அண்ணாச்சி. பால் கம்மியாத்தான் வரும்."

"எந்தத் தரகன் உங்கள இப்படிச் சொல்லச் சொன்னான்?" என்று கேட்டேன். அடிமாட்டு விலைக்குக் கேட்க ஆள் வரும் என்று நினைத்தேன்.

அவர்கள் கோபப்படவில்லை. "மடிய வளக்க ரத்தத்துல க்ரோத் ஃபேக்டர்னு ஒண்ணு வருது. அதப் பிடிச்சு வாங்க மடியில ரிசப்டர் வேணும். நம்ம ஹார்பருக்குக் கப்பல் வந்தா போதுமா, கட்டி நிறுத்துறதுக்கு பெர்த் வேண்டாமா? சின்னதுல தீனிய அள்ளிப் போட்டா கப்பல் நெறைய வரும், மடி வாங்காது."

"பெர்த் இல்லன்னா வெளியே நங்கூரம் போட்டு நிக்கும்லா?"

"கப்பல் நிக்கும் அண்ணாச்சி. மடி வளருத வயசு நிக்காது."

சிவப்பி ஈன்றது. கன்று குடித்தது போக டீக்குத்தான் பால். வாடிக்கை வீடெல்லாம் பாக்கெட் பாலுக்குப் போய்விட்டது.

அடுத்த கிடாரிக்கு அவர்கள் சொன்ன அளவில்தான் தீனி வைத்தேன். அவர்களிடம் சொல்லவில்லை. வாளி நிறையக் கறந்தது.

"இது எப்படி அண்ணாச்சி?"

"தாய் வழி" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஊசியைத் தூக்கிக் காட்டினார்கள்...

அதன் கன்று இப்போது தொழுவத்தில் நிற்கிறது. இனி வேறு யாராவது வருவார்கள். அவர்களிடமும் ஊசியைக் காட்டத்தான் சொல்வேன்.

போயிட்டு வாங்க டாக்டரம்மா.

ஒரு நாளும் உங்கள் ஊசிக்குள் ஒன்றும் இருந்ததில்லை. பார்த்தவன் நான்.