ஆற்றைப் பற்றிய அந்த ஒரு வரி

2005-ம் வருஷம், ஐப்பசி மாசம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைகளுக்கு வெப்சைட்டும் செய்து கொடுப்போம்.

வெள்ளாற்றங்கரையில், லப்பைக்குடிக்காட்டில் பேக்கரி வைத்திருந்த ஒரு அண்ணனுக்கும் அப்படி ஒன்று இருந்தது. வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் அதில் ஆர்டர் கொடுத்தால், இங்கே அவர்கள் வீட்டுக்குப் பிறந்தநாள் கேக் போய்விடும். எங்கள் சென்டரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் பொறுப்பு எனக்கு வந்தது.

பார்க்கச் சகிக்கவில்லை. மங்கலான போட்டோக்கள், விட்டு விட்டு மின்னும் எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே தினமும் மாறும் ஒரு வரி. காலையில் கடை திறந்ததும் அண்ணன் போனில் சொல்வார். நாங்கள் அடித்துப் போடவேண்டும். 'வெள்ளாத்துல மணல்தான் தெரியுது.' 'ஒரே பனி, எதிர்க்கரை தெரியல.' இப்படித்தான் இருக்கும்.

"பேக்கரி வெப்சைட்ல ஆறு எதுக்குண்ணே? எடுத்துடலாமே" என்றேன்.

அண்ணன் தடுக்கவில்லை. "நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரியாததா, செய்யிம்மா."

ரெண்டு நாள் உட்கார்ந்து, அந்த வரியை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மாற்றினேன். மெழுகுவத்தி ஏற்றிய பெரிய கேக், இளஞ்சிவப்பு ஓரம், கீழே எங்கள் சென்டர் போன் நம்பர். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் காலையில் சென்டருக்கு ஒரு போன். துபாயிலிருந்து யாரோ.

"தங்கச்சி, பேக்கரி சைட்ட நீங்கதான் பாக்குறீங்களா? கொஞ்ச நாளா அந்த வரியக் காணும்மா. ஆத்துல வெள்ளம்னு டிவியில சொல்றான். வூட்டுக்கு லைன் போகல, கடைக்கும் போகல." குரல் உடைந்தது. "ஊரு இருக்காம்மா?"

அவர் நம்பரையும் வீட்டு விலாசத்தையும் குறித்துக்கொண்டு, நானும் அண்ணனுக்குப் போட்டுப் பார்த்தேன். லைன் செத்துக் கிடந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கண்ணாடியெல்லாம் மூடி, உள்ளே ஒரே ஆவி. வழியெல்லாம் வயல்கள் தண்ணீருக்குள் வானத்தைப் பிடித்து வைத்திருந்தன. பஸ் மேகத்துக்குள் போவது போலவே இருந்தது.

இறங்கியதும் பன் வேகும் வாசம். கடை திறந்திருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு கரைக்குக் கூட்டிப்போனார். வெள்ளாறு இரண்டு கரையையும் தொட்டு, செம்மண் நிறத்தில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க, ஆறு நின்று நாங்கள்தான் நகர்வது போல இருந்தது.

"நானும் பதினோரு வருஷம் அங்க துபாய்ல இருந்தவன்தாம்மா. இந்தத் தண்ணிய நெனச்சுக்கிட்டேதான் தூங்குவேன். அதான் தெனம் சொன்னேன். யாரு படிக்கிறாங்கன்னு எனக்கே தெரியாது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா நீ சிரிப்பியோன்னு நெனச்சேன்."

துபாய்க்காரரின் வீட்டையும் விசாரித்துவிட்டு, மதியம் பெரம்பலூர் திரும்பினேன். முதலில் அவருக்குப் போன் செய்து, எல்லாரும் சௌக்கியம் என்றேன். பிறகு கேக் படத்தைக் கீழே தள்ளிவிட்டு, மேலே அடித்தேன்: 'ஆறு நெறைய போவுது. ஊருக்குள்ள தண்ணி வரல. எல்லாரும் நல்லாருக்காங்க. பன் வெந்துக்கிட்டு இருக்கு.'

சாயங்காலத்துக்குள் முப்பதுக்கு மேல் மெயில். குவைத், ஜித்தா, மஸ்கட். ஒரு கேக் கூட ஆர்டர் கொடுக்காதவர்கள். பாதிப் பேர் இறைவனுக்கு நன்றி சொல்லி ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தார்கள்: அல்ஹம்துலில்லாஹ்.

இன்றும் எத்தனையோ கடைகளின் பக்கங்களைத் திருத்துகிறேன். எனக்குத் தேவையில்லை என்று தோன்றும் ஒன்றை அழிக்கப் போகும்போதெல்லாம், முகம் தெரியாத யாரோ ஒருவர் தூரத்தில் அதைப் படித்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்து என் விரலைப் பிடித்துக்கொள்கிறது.